ஆப்பிள் ரசமும் அடுத்த வீட்டு ஜாடியும்

தங்கையின் இரண்டாவது பிரசவத்துக்குத் துணையாக 2023 புரட்டாசியில் இங்கிலாந்துக்குப் போனேன். அம்மா இல்லாத பிள்ளைகளுக்கு அக்காதானே அம்மா! பருப்புப்பொடி, சுக்கு, பூண்டு, பிரசவ லேகியம் எல்லாம் கட்டிக்கொண்டு கிளம்பியபோது, திரும்பி வந்து ஆப்பிள் ரசத்தைப் பற்றி எழுதுவேன் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

தங்கை இருப்பது ஹெரிஃபோர்ட் என்ற சிறு நகரம். லண்டனிலிருந்து ரயிலில் சுமார் மூன்று மணி நேரப் பயணம். இன்னும் கொஞ்சம் போனால் வேல்ஸ் நாட்டு எல்லை வந்துவிடும். ஊர் நடுவே 'வை' என்ற ஆறு ஓடுகிறது. கரையோரத்தில் பழைய பெரிய தேவாலயம். ஒரே கன்றுத் தோலில் ஏறக்குறைய 700 வருஷத்துக்கு முன்னால் வரைந்த உலகப் படம் ஒன்றை அங்கே வைத்துக் காப்பாற்றுகிறார்கள்.

ரயிலில் வரும்போதே ஒன்றைக் கவனித்தேன். மண் சிவப்பு! எங்கள் திருநெல்வேலிச் சீமையின் தேரிக்காட்டை யாரோ பெயர்த்துக் கொண்டுவந்து பச்சைப் புல்லுக்கு அடியில் விரித்தது போல இருந்தது. வயல்களில் பழுப்பு உடம்பும் வெள்ளை முகமுமாக மாடுகள். அந்த மாட்டு இனத்துக்கும் ஹெரிஃபோர்ட் என்றுதான் பெயராம். அதையடுத்து வரிசை வரிசையாக ஆப்பிள் தோப்புகள். மரத்தடியில் பழம் கொட்டிக் கிடக்கிறது, எடுப்பாரில்லை.

"இப்படி வீணாய்ப் போகுதே!" என்று எனக்கு வயிறு எரிந்தது.

"வீணாகலே அக்கா, அதெல்லாம் சைடருக்குப் போற பழம்" என்றாள் தங்கை. அதோடு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அந்த ஒரு வார்த்தையை நான் மேற்கொண்டு விசாரிக்காமல் விட்டதுதான் பிசகு.

மூன்று டம்ளர்கள்

போன பத்தாம் நாள். தங்கைக்கு நிறைமாதம், கால் வீங்கிப் படுத்திருந்தாள். மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். நானும் தங்கை மகளும் கடைக்குப் போனோம். பாப்பாவுக்கு ஆறு வயது. "பெரியம்மா, பெரியம்மா" என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டே வருவாள்.

கடையில் ஒரு தட்டு முழுக்க அழகான பாட்டில்கள். சிவப்பு ஆப்பிள் படம் போட்டு, கொட்டை எழுத்தில் 'சைடர்' என்று இருந்தது. அமெரிக்காவில் இருக்கும் எங்கள் உறவுக்காரப் பெண், தோப்பில் தன் குழந்தைகள் 'ஆப்பிள் சைடர்' குடிப்பதாகப் படம் அனுப்பியது ஞாபகம் வந்தது. அங்கே அந்தப் பெயர் சாதாரணமாக, பிழிந்த பழரசத்தைத்தான் குறிக்கும். நான் அதையே நினைத்து இரண்டு பாட்டில் வாங்கினேன். தலை நரைக்கத் தொடங்கிய அம்மாள் வாங்குவதை யார் தடுக்கப் போகிறார்கள்? பில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து மூன்று டம்ளர் எடுத்து வைத்தேன். ஒன்று பாப்பாவுக்கு, ஒன்று பிள்ளைத்தாய்ச்சிக்கு, ஒன்று எனக்கு. ஊற்றினேன். நுரைத்துக்கொண்டு வந்தது. பாப்பா கையை நீட்டிவிட்டாள்.

அப்போதுதான் அந்த வாடை என் மூக்கில் ஏறியது.

அது எனக்குத் தெரிந்த வாடை. புளித்த பழமும் வேறு ஏதோ ஒன்றும் கலந்த வாடை. சாயங்காலம் பனங்காட்டுப் பக்கம் போய்விட்டுத் திரும்பும் எங்கள் அப்பாவின் தோள் துண்டில் அடிக்குமே, அதே வாடை! பாப்பாவின் கைக்கு எட்டும் முன் டம்ளரை இழுத்து, மூன்றையும் தொட்டியில் கொட்டினேன். என் கை நடுங்கிய நடுக்கத்தில் ஒரு டம்ளர் உடைந்தும் போயிற்று.

சத்தம் கேட்டுத் தங்கை எழுந்து வந்தாள். வாடையைப் பிடித்ததும் அவள் முகமும் மாறியது. "அக்கா, இந்த ஊரில் சைடர்னா மதுதான்" என்று மெல்லச் சொன்னாள். பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓரத்தில், எறும்பு எழுத்தில், ஆல்கஹால் நூற்றுக்கு நாலரை பங்கு என்று இருந்தது.

எங்கள் அப்பாவைப் பற்றி நானும் தங்கையும் வாய் திறந்து பேசுவதே கிடையாது. சட்டம் தடுத்த காலத்திலும் கள் கிடைத்தது. பிறகு கடைச் சரக்குக்கு மாறினார். கூலி வாங்கிய அன்றைக்கு அரிசி வருமா, அப்பா மட்டும் வருவாரா என்று வாசலில் நிற்போம். நான் பத்தாவது முடித்த வருஷம், ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார். நாங்கள் கட்டிக்கொண்ட வீடுகளில் பாட்டில் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று வைராக்கியமாக இருந்தோம். அப்படிப்பட்ட நானே வாங்கி வந்து, குழந்தை கையிலும் கர்ப்பிணி கையிலும் கொடுக்க இருந்தேனே! அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

அடுத்த வீட்டு அம்மாள்

குழந்தைகளிடம் ரகசியம் நிற்குமா? மறுநாளே வேலிக்கு அந்தப் பக்கம் போய், "எங்க பெரியம்மா சைடர் வாங்கினாங்க, அப்புறம் கொட்டிட்டாங்க" என்று பாப்பா சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டு அம்மாளுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கணவர் காலமாகித் தனியாக இருக்கிறார். அவர் சிரிக்கவில்லை. "தெரியாமல் பயப்படுவதை விடத் தெரிந்துகொண்டு பயப்படுவது நல்லது. வந்து பாருங்கள்" என்று கூப்பிட்டனுப்பினார்.

தயங்கிக்கொண்டே போனேன். அவர்களுக்கு முன்பு கிராமத்தில் சொந்தத் தோப்பு இருந்ததாம். வயதான காலத்தில் அதை விற்றுவிட்டு இந்தச் சின்ன வீட்டுக்கு வந்தார்கள். வாங்கியவர்கள் மரங்களை வெட்டிவிட்டார்கள். ஆனால் ஐப்பசி வந்தால் இந்த அம்மாளுக்குக் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால் கடையில் விற்கும் அட்டைப்பெட்டி ஆப்பிள் ஜூஸை வாங்கிச் சைடர் போடுகிறார். நம் வீட்டுப் பாட்டிகள் மாமரம் போன பிறகும் கடை மாங்காயில் வடு போடுவதில்லையா, அது மாதிரி!

அவர் அடுக்களையில் நான் பார்த்ததை எழுதுகிறேன். ஒன்று முக்கியம்: இது தெரிந்துகொள்வதற்குத்தான், செய்து பார்ப்பதற்கு அல்ல. அந்த ஊரில் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் போட்டுக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. நம் தமிழ்நாட்டில் 1937-ஆம் வருஷ மதுவிலக்குச் சட்டப்படி உரிமமில்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம்.

நாலரை லிட்டர் பிடிக்கும் குறுகிய வாய்க் கண்ணாடி ஜாடி. முதல் வேலை சுத்தம். குழந்தையின் பால் புட்டிக்குப் போடுகிறோமே, அதுபோன்ற கிருமிநீக்கி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஜாடி, புனல், குழாய் எல்லாவற்றையும் ஊறவைக்கிறார். "முக்கால் வாசி வேலை கழுவுவதுதான்" என்றார்.

அடுத்தது ஜூஸ். பெட்டியின் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னார். முழுக்கப் பழரசம் என்று இருக்க வேண்டும். கெடாமல் இருக்க மருந்து சேர்த்தது என்றால் உதவாது. பொட்டாசியம் சார்பேட் போன்ற மருந்து இருந்தால் ஈஸ்ட் பெருகாது. நாலு லிட்டரை ஊற்றி, நுரைக்க இடம் விடுகிறார். பிறகு ஒரு கோப்பை கட்டித் தேயிலைத் தண்ணீர்! பால் சேர்க்காமல், ஆறவைத்து. எதற்கு? சைடர் ஆப்பிளில் நம் நெல்லிக்காய் மாதிரி ஒரு துவர்ப்பு உண்டு. கடை ஜூஸ், சாப்பிடும் பழத்தின் ரசம்; அதில் துவர்ப்பு போதாது. அதைத் தேயிலை ஈடுகட்டுகிறது. கடைசியில் ஒரு டீஸ்பூன் ஈஸ்ட்.

ஜாடி வாயில் வளைந்த குழாய் வைத்த அடைப்பான். குழாய்க்குள் கொஞ்சம் தண்ணீர். உள்ளே உண்டாகும் வாயு வெளியேறும், வெளிக்காற்று உள்ளே வராது. மறுநாள் போய்ப் பார்த்தால் 'டுபுக், டுபுக்' என்று குமிழி விடுகிறது. இட்லி மாவு பொங்குகிற அதே சமாசாரம்தான். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் மாவில் வேலை செய்வது போல, இங்கே ஈஸ்ட் பழச் சர்க்கரையைத் தின்கிறது. எடையில் பார்த்தால் சர்க்கரையில் ஏறக்குறையப் பாதி ஆல்கஹாலாகிறது, பாதி கரியமில வாயுவாகிப் பறந்துவிடுகிறது. ஒரு லிட்டர் ஜூஸில் சுமார் 100 கிராம் சர்க்கரை. இரண்டு மூன்று வாரத்தில் அது முழுவதும் தீர்ந்தால் நூற்றுக்கு ஆறு பங்கு அளவில் போதை வந்துவிடும். சாதாரண பீரை விடச் சற்று அதிகம்! குழந்தை பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போகும் அதே பெட்டி ஜூஸ்தான் இது. நிறம்கூட மாறவில்லை.

அவர் அலமாரிக் கதவில் ஒரு பிளவு இருந்தது. என்னவென்று கேட்டேன். பல வருஷத்துக்கு முன், சர்க்கரை தீருமுன்பே அவசரப்பட்டுக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்துவிட்டாராம். உள்ளே வாயு சேர்ந்து நடு ராத்திரியில் வெடித்ததில் சில்லு பாய்ந்த இடம் அது. பகலில், யாராவது நிற்கும்போது வெடித்திருந்தால்? அதற்குப் பிறகு, அடர்த்தி பார்க்கும் கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டு, சில நாள் தள்ளித் தள்ளிப் பார்த்தும் அளவு மாறாமல் நின்ற பிறகே பாட்டிலில் ஊற்றுகிறார்.

என்னை நிறுத்தியது வேறொன்று. ஒவ்வொரு ஜாடியிலும் பெரிய எழுத்தில் சீட்டு: "மது. குழந்தைகளுக்கு அல்ல." தேதியும் இருந்தது. மேல் தட்டில்தான் வைக்கிறார். பாப்பா அதை எழுத்துக்கூட்டிப் படித்து, "இது பெரியவங்களுக்கு மட்டும். நான் குடிச்சா மூளைக்கும் ஈரலுக்கும் கெடுதல்" என்று எனக்குப் பாடம் சொன்னாள். "குழந்தைகளிடம் மறைத்து வைத்தால் தேடிப் பிடிப்பார்கள். சொல்லி வைத்தால் கேட்டுக்கொள்வார்கள்" என்றார் அந்த அம்மாள்.

நான் அவருக்குப் பதநீர் கதை சொன்னேன். பாளையைச் சீவிக் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது இனிப்பான பதநீர். தடவாவிட்டால் அதே மரத்தில் அது கள்ளாகிவிடும். சுண்ணாம்பின் காரம் ஈஸ்டை வேலை செய்ய விடாது. தங்கை மொழிபெயர்த்ததும் அவருக்கு ஒரே ஆச்சரியம். "எங்களிடம் அந்தச் சுண்ணாம்பு இல்லாமல் போயிற்றே!" என்று கையைத் தட்டிக்கொண்டார்.

செக்கும் சிறு பீப்பாயும்

ஐப்பசியில் தங்கைக்குச் சுகப்பிரசவம். ஆண் குழந்தை. பத்தியமெல்லாம் முடிந்து ஒரு நாள், மாப்பிள்ளை வீட்டில் இருந்த சமயம், அந்த அம்மாள் என்னைச் சைடர் மியூசியத்துக்கு அழைத்துப் போனார். பழைய சைடர் ஆலைக் கட்டிடத்திலேயே 1981-ல் திறந்தது. உள்ளே போனதும் எனக்கு ஊர் ஞாபகம்தான். வட்டக் கல் தொட்டியில் நிமிர்ந்த கல் சக்கரம். குதிரையைப் பூட்டிச் சுற்ற விட்டு ஆப்பிளை நசுக்குவார்களாம். நம் செக்குக்கு உடன்பிறப்பு! நசுங்கிய சக்கையைக் குதிரை மயிரில் நெய்த துணியில் மடித்து, அடுக்கடுக்காக வைத்து, மேலே திருகி அழுத்தி ரசம் எடுப்பார்கள்.

ஆப்பிள் ஓவியப் புத்தகம் ஒன்றைப் பற்றியும் அந்த அம்மாள் பெருமையாகச் சொன்னார். 'ஹெரிஃபோர்ட்ஷயர் பொமோனா' என்று பெயர். 1876 முதல் 1885 வரை பகுதி பகுதியாக வந்தது. பழங்களை வரைந்தவர்கள் ஆலிஸ் எல்லிஸ், ஈடித் புல் என்ற இரண்டு பெண்கள். தோலில் இருக்கும் புள்ளி, காம்படிச் சொரசொரப்புக்கூட விடாமல் தீட்டியிருக்கிறார்கள். இனி அந்த ரகம் மண்ணில் அழிந்தாலும் அவர்கள் கைவண்ணத்தில் இருக்கும்.

அடுத்துப் பார்த்த பொருள் என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. கைக்கு அடக்கமான சிறு மரப் பீப்பாய்கள். 'காஸ்ட்ரல்' என்று பெயர். வயல் கூலியாட்கள் தங்கள் பங்குச் சைடரை இதில் நிரப்பிக்கொண்டு வேலைக்குப் போவார்களாம். கூலியில் ஒரு பகுதியே சைடராகத்தான் தரப்பட்டது. கூலிக்குப் பதிலாக மது கொடுக்கக் கூடாது என்று 1887-ல் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் வழக்கம் சட்டென்று விடவில்லை என்றார்.

அந்தப் பீப்பாயைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இதை இடுப்பில் தொங்கவிட்டுத் திரும்பும் புருஷனை வாசலில் நின்று பார்த்த மனைவிமார் எத்தனை பேரோ! பிள்ளைகளுக்கு ரொட்டி வாங்க, பீப்பாயில் வந்த கூலியை எந்தக் கடைக்காரன் எடுத்துக்கொள்வான்? சிவப்பு மண் மட்டுமல்ல, அந்த வாசலும் எங்கள் ஊர் வாசலாகத்தான் எனக்குத் தெரிந்தது. கண் கலங்கிவிட்டது. அந்த அம்மாள் ஒன்றும் கேட்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய தாத்தாவும் குடியால் போனவர்தான் என்று வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்த பிறகு சொன்னார். அதனால்தான் அந்தச் சீட்டு, அந்த மேல் தட்டு.

இன்னொரு கதையும் சொன்னார். அக்காலத்தில் டெவன் என்ற பக்கத்தில் சைடர் குடித்தவர்களுக்குப் பொறுக்க முடியாத வயிற்று வலி வந்து, கைகால் விழுந்து போகும். 1767-ல் ஜார்ஜ் பேக்கர் என்ற மருத்துவர், ஹெரிஃபோர்ட் சைடரையும் டெவன் சைடரையும் சோதித்தார். டெவன் சைடரில் காரீயம் இருந்தது. ஹெரிஃபோர்ட் சைடரில் இல்லை. டெவன் பக்கத்துச் செக்குகளிலும் பிழியும் கருவிகளிலும் காரீயத்தைப் பயன்படுத்தியிருந்தார்கள். ரசத்தின் புளிப்பு அதைக் கரைத்துக் குடலுக்கு அனுப்பியது. நமக்கும் இதில் பாடம் உண்டு. ரசம் வைக்கும் ஈயச் செம்பு வாங்கும்போது, அது சுத்தமான வெள்ளீயம்தானா, காரீயம் கலக்காததா என்று நம்பிக்கையான இடத்தில் கேட்டு வாங்குங்கள். ஈயம் பூசாத பித்தளையில் புளி, தயிர் வைக்காதீர்கள்.

ஊர் திரும்பிய பிறகு

மூன்று மாதம் இருந்துவிட்டு மார்கழியில் ஊர் திரும்பினேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் கேட்ட முதல் கேள்வி, "அப்போ நாம குடிக்கிற ஆப்பிள் சைடர் வினிகரும் சாராயமா?" என்பதுதான். இல்லை. சைடர் காற்றோடு சேர்ந்து இன்னொரு முறை புளிக்கும்போது, வேறு வகை நுண்ணுயிர்கள் ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக மாற்றிவிடுகின்றன. அதுதான் வினிகர். போதை தரும் அளவுக்கு அதில் ஒன்றும் மிஞ்சாது. ஆனால் அமிலம் அமிலம்தான். அப்படியே குடித்தால் பல்லின் மேல்பூச்சு அரிக்கும், தொண்டை புண்ணாகும். நிறையத் தண்ணீர் கலக்காமல் தொட வேண்டாம். சர்க்கரை வியாதிக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இளம் தாய்மார்களுக்கு இன்னும் சில வார்த்தைகள். திறந்த ஜூஸ் பெட்டியை ஃப்ரிஜ்ஜில் வைத்து, அதில் போட்டிருக்கும் நாட்களுக்குள் தீர்த்துவிடுங்கள். பெட்டி உப்பியிருந்தாலும், நுரை கட்டினாலும், புளித்த வாடை அடித்தாலும் யோசிக்காமல் கொட்டுங்கள். வெளியூர், வெளிநாடு போனால், படத்தைப் பார்த்து வாங்காமல் பின்பக்க எழுத்தைப் படியுங்கள். கர்ப்பிணிகளுக்கு ஒரு வாய்கூட ஆகாது. குறைவாகக் குடித்தால் கெடுதலில்லை என்று சொல்பவர்களுக்கும் பதில் இருக்கிறது: கெடுதலில்லாத அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். என் மகனுக்கு அப்போது பதினேழு வயது. தாத்தா 'உடம்பு சரியில்லாமல்' போனார் என்றுதான் அதுவரை அவனிடம் சொல்லி வைத்திருந்தேன். மறைப்பதே காப்பாற்றுவது என்று நினைத்திருந்தேன். அன்று அந்த வாடையை நான் அறிந்திருந்ததால் பாப்பா தப்பித்தாள். என் பிள்ளைக்கு அந்த வாடை தெரியாது, அந்தக் கதையும் தெரியாது. நாளைக்கு ஹாஸ்டலில் ஒருவன் ஆப்பிள் படம் போட்ட டம்ளரை நீட்டினால், அவனுக்கு எதைக் கொண்டு புரியும்?

ஊருக்கு வந்த நாலாம் நாள் ராத்திரி, சாப்பாடானதும் திண்ணையில் உட்கார்த்தி வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி வராத நாட்களைச் சொன்னேன், கடைசி வருஷத்தில் தாத்தாவின் வயிறு வீங்கியதைச் சொன்னேன். இவரும் பக்கத்தில் இருந்தார், குறுக்கே பேசவில்லை. பையன் வெகுநேரம் தலையைக் குனிந்துகொண்டே இருந்தான்.

"இதை ஏம்மா முன்னாடியே சொல்லலே?" என்றான்.

ஜாடியில் சீட்டு ஒட்ட எனக்குத்தான் இத்தனை வருஷமாகிவிட்டது.